தோட்டக் குளத்துக்கு ஏரி உள்வாய் போன்ற ஓரம் அமைப்பது எப்படி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் பின்புறம் 14 அடி நீளம், 9 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குளம் வெட்டியிருக்கிறேன். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சுற்றிலும் வரிசையாகக் கருங்கல் அடுக்கியாயிற்று. தவளையும் தட்டானும் பறவையும் வர வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் பார்ப்பதற்குத் தொட்டி மாதிரி இருக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கியதும் விரிப்பு பல்லை இளிக்கிறது. கொசு வரும், பாம்பு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஓரம் இயற்கையாகத் தெரிய என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் குளத்தின் குறை அத்தனைக்கும் வேர் ஒன்றுதான்: ஓரம் செங்குத்தாக இருக்கிறது. மேலே எந்தக் கல்லை மாற்றி வைத்தாலும், எந்தச் செடியைத் தொங்கவிட்டாலும், அந்தச் செங்குத்து மாறாதவரை குளம் தொட்டியாகவே தெரியும். தொட்டியாகவே வேலையும் செய்யும். தவளைக் குஞ்சு ஏறி வெளியே வர முடியாது. மைனா நின்று குடிக்க இடம் இருக்காது. தவறி விழுந்த ஓணான் சுவரைச் சுற்றிச் சுற்றி நீந்திச் செத்துப்போகும். ஆகவே, விரிப்பை எதைக்கொண்டு மறைப்பது என்ற யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஓரத்தை எவ்வளவு அகலப்படுத்த முடியும் என்று பாருங்கள். நீங்கள் கேட்ட மற்றவற்றில் பெரும்பாலானவை அதன் பின்னால் வந்துவிடும்.

இதற்கு வெளிநாட்டுப் படங்களில் மாதிரி தேட வேண்டாம். அவற்றில் பல, ஆண்டு முழுவதும் மழை பரவலாகப் பெய்யும் ஊர்களுக்கானவை. அங்கே தண்ணீர் மட்டம் நம் ஊர் அளவுக்கு ஏறி இறங்குவதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே பாகூர் ஏரி இருக்கிறது. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் ஏரி. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது. ஒரு காலை நேரத்தில் போய் அதன் இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு பக்கம் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை: சரிவு அதிகம், மேலே நடக்கவும் வண்டி ஓட்டவும் பாதை. எதிர்ப்பக்கம் உள்வாய். அங்கே தரை எந்த இடத்தில் முடிகிறது, தண்ணீர் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நின்ற இடம் மாசியில் சேறாகும், பங்குனியில் புல்லாகும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். மடையானும் உள்ளானும் வாலாட்டியும் இரை தேடி நிற்பது அந்தப் பக்கம்தான். நீங்கள் நான்கு பக்கமும் கரையாகவே கட்டியிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தையாவது உள்வாயாக மாற்றுங்கள்.

கணக்கைப் பார்த்தால் இது ஏன் அவசியம் என்பது புரியும். நம் கடலோரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஆவியாகும். மாதத்துக்கு 7 முதல் 9 அங்குலம். செங்குத்துச் சுவரில் தண்ணீர் 8 அங்குலம் இறங்கினால், 8 அங்குலக் கறுப்பு விரிப்பு குளத்தைச் சுற்றிப் பட்டை அடித்தாற்போல் தெரியும். ஐந்தடி தூரத்துக்கு ஓரடி ஆழம் என்ற சரிவு இருந்தால், அதே 8 அங்குல இறக்கத்தில் தண்ணீர் 40 அங்குலம் பின்வாங்கும். வெளியே தெரிவது ஈர மண்ணும் ஆரைக்கீரையும் கோரையும்தான். மட்டம் குறையாமல் தினமும் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பது இதற்கு மாற்றாகாது. கடலோரப் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு குளத்திலேயே தங்கிச் செறிவாகி, கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும். கோடையில் மட்டம் இறங்குவது நம் ஊர் நீர்நிலையின் இயல்பு. ஓரம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

14 அடிக்கு 9 அடி என்ற அளவில் நான்கு பக்கமும் இப்படிச் சரித்தால் நடுவில் தண்ணீர் மிஞ்சாது. ஒரு பக்கம் போதும். மேற்கே இருக்கும் பக்கம் உகந்தது. காலை வெயில் சரிவின் மேல் விழும். அதற்குப் பின்னால் நொச்சியோ ஆடாதொடையோ வைத்துவிட்டால் பிற்பகல் வெயிலை அது தடுக்கும். இரண்டு அங்குல ஆழத் தண்ணீர் மே மாதப் பிற்பகலில் நன்றாகச் சூடேறிவிடும். தலைப்பிரட்டைகளுக்கு நிழல் வேண்டும். மேற்கில் இடமில்லை என்றால் வடக்கு. மற்ற மூன்று பக்கங்களையும் ஓரடி அகலப் படியாக வெட்டி, அதில் ஆறு அங்குல ஆழம் வைத்தால் போதுமானது.

சரிவை இரண்டு விதமாக அமைக்கலாம். வெளியே ஐந்தடி இடம் இருந்தால், இருக்கும் குழியை அந்தப் பக்கம் நீட்டிச் சரிவாக வெட்டி, முழுவதற்கும் புதிய விரிப்பு போடுவது நல்லது. பழைய விரிப்போடு ஒட்டுப்போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆழம் குறைந்த இடத்தில்தான் ஆள் நடமாட்டமும் வெயிலும் அதிகம், ஒட்டு அங்கே நிற்காது. புதிய விரிப்புக்கு அளவெடுக்கும்போது சூத்திரம் எதுவும் வேண்டாம். ஒரு கயிற்றைக் குழியின் ஒரு விளிம்பிலிருந்து உள்ளே படியவிட்டு, அடிவழியாக எதிர் விளிம்புவரை கொண்டுபோய் அளந்து, இரு முனையிலும் இரண்டிரண்டு அடி கூட்டிக்கொள்ளுங்கள். நீளத்துக்கு ஒரு முறை, அகலத்துக்கு ஒரு முறை. பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு நம் பக்கம் கிடைக்கும்; உறுதியானது, ஆனால் விறைப்பாக இருப்பதால் சின்ன வளைவுகளில் படியாது. இபிடிஎம் ரப்பர் விரிப்பு நன்றாகப் படியும், விலை அதிகம். லாரிக்குக் கட்டும் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம்.

வெளியே இடமில்லை என்றால் உள்ளேயே செய்யலாம், விரிப்பை மாற்றவும் தேவையில்லை. மேற்குச் சுவரிலிருந்து நான்கைந்து அடி உள்ளே தள்ளி, குளத்தின் அகலம் முழுவதும் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் சாக்குகளை இரண்டடி உயரத்துக்குச் சுவர் மாதிரி அடுக்குங்கள். சாக்குக்குக் கீழே பழைய விரிப்புத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டால் அடிவிரிப்பு உரசாது. அடிவரிசையை இரண்டு சாக்கு அகலத்துக்கு வைத்து, மேலே போகப்போகக் கரைப்பக்கம் சற்றுச் சாய்த்து அடுக்கினால் மண்ணின் கனத்தில் தள்ளாது. சுவருக்கும் கரைக்கும் இடையில் மண்ணைக் கொட்டி, கரையிலிருந்து சாக்கின் தலைவரை சரித்துவிடுங்கள். தண்ணீரின் கொள்ளளவு குறையத்தான் செய்யும். எஞ்சும் ஒன்பது, பத்தடி நீளத்துக்கு மூன்றடி ஆழம் இருக்கிறதே, மீனுக்கும் அல்லிக்கும் அது தாராளம்.

கொட்டும் மண் எது என்பதில் கவனமாக இருங்கள். எரு கலந்த தோட்டத்து மேல்மண்ணைப் போட்டால் சத்து முழுவதும் தண்ணீரில் இறங்கிப் பச்சைப் பாசி கட்டும். குழி வெட்டியபோது கடைசியாக வந்த அடிமண் உத்தமம். உங்கள் பக்கத்து மண்ணில் மணல் அதிகமாக இருந்தால், பாதிக்குப் பாதி களிமண் கலந்து, ஈரப்படுத்தி மிதித்துப் பதப்படுத்துங்கள். வழவழப்பான விரிப்பின் மேல் மண் நிற்காமல் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றுக்கு ஒன்று என்பதைவிடச் செங்குத்தான சரிவில் முதல் மழைக்கே இறங்கிவிடும். ஐந்துக்கு ஒன்று என்றாலும் செடி வேர் பிடிக்கும்வரை ஒரு துணை தேவை. அதற்குத் தேங்காய் மட்டையைப் போல மலிவான பொருள் நம் ஊரில் வேறில்லை. மட்டைகளைச் சில வாரம் தண்ணீரில் ஊறவைத்துக் கறையை வெளியேற்றிவிட்டு, சரிவின் குறுக்கே வரிசையாக, குடைவு கீழ்நோக்கி இருக்கும்படி, பாதி புதையப் பதியுங்கள். அவை மக்குவதற்குள் கோரை வேர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

லாஸ்பேட்டை, காலாப்பட்டு, ஆரோவில், கேப்பர் மலை என்று செம்மண் பகுதியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மண் வெயிலில் கல்லாக இறுகி, மழையில் கரைந்து ஓடும். தென்னைநார்க் கயிற்று வலையை விரித்து முளையடித்துவிட்டால் கரைச்சல் நிற்கும். பாகூர்ப் பக்கத்துக் கெட்டிக் களிமண் நிலத்தில் இருப்பவர்களுக்கோ விரிப்பே தேவைப்படாமல் போகலாம்.

இனி விரிப்பின் நுனி. ஓர வேலையில் ஆட்கள் அவசரப்பட்டு முடித்துவிடும் இடம் இதுதான், குளம் பாழாவதும் இங்கேதான். விரிப்பைக் கரைவரை கொண்டுவந்து மண்ணுக்கடியில் படுக்கவைத்து மூடிவிடுவார்கள். வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஈர மண்ணும் வெளியே இருக்கும் காய்ந்த மண்ணும் தொட்டுக்கொண்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் வெளிமண் குளத்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்காது. தண்ணீர் மட்டும் குறையும். அதனால் சரிவு முடியும் இடத்தில் விரிப்பின் நுனியை நேராக மேல்நோக்கி நிமிர்த்த வேண்டும். குளம் நிறைந்தபோது நிற்கும் மட்டத்தைவிட மூன்று அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். உள்பக்கம் ஈர மண், வெளிப்பக்கம் தோட்டத்து மண், நடுவில் விரிப்பு நின்றுகொண்டிருக்கும். நுனியை மறைக்க மண் தேவையில்லை. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பொடுதலையும் அருகும் படர்ந்து அதன் மேல் கைகோத்துக்கொள்ளும். எந்தப் பிளாஸ்டிக்கும் நம் வெயிலில் நாளடைவில் நொறுங்கிவிடும் என்பதால் செடி மூடுவது விரிப்பின் ஆயுளுக்கும் நல்லது.

மட்டம் பார்ப்பதற்கு ரசமட்டம் போதாது. கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பிச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்தாலும் எதிர்ப்பக்கத்தில் விரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். விரிப்புக்கு அடியில் இரண்டு அங்குலம் சலித்த மணல் போடுங்கள். சணல் சாக்கு போடச் சொல்பவர்கள் உண்டு. கரையான் உள்ள நம் மண்ணில் அது விருந்து வைப்பதாகிவிடும். பெருச்சாளி வளை தோண்டும் தோட்டமானால், கரையின் வெளிப்பக்கம் ஓரடி ஆழத்துக்கு உடைந்த ஓடும் சரளையும் போட்டு இடித்துவிடுங்கள்.

சுற்றிலும் மணிமாலை மாதிரி ஒரே அளவுக் கற்களை அடுக்கும் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. இயற்கையில் எந்த நீர்நிலையிலும் அப்படிக் கிடையாது. கற்களை எல்லாம் எடுத்துவிடுங்கள், வீணாகாது. அவற்றில் பெரியவை மூன்று நான்கைத் தேர்ந்து, தெற்கிலோ கிழக்கிலோ ஒரே இடத்தில் கூட்டமாக வையுங்கள். ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும், ஒன்றாவது பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். மற்றவற்றைப் பக்கத்தில் சிறிதும் பெரிதுமாகச் சிதறவிட்டு, பிறகு மண்ணோடு கலந்துவிடும்படி குறைத்துக்கொண்டே போங்கள். மீன்கொத்தி உட்காருவதற்கு ஒரு கல் போதும். ஒரே வகைக் கல்லாக இருப்பது நல்லது. கருங்கல்லோடு வெள்ளைக் கூழாங்கல்லும் கடப்பாக் கல்லும் கலந்தால் கண்ணை உறுத்தும். சிமெண்ட் வைத்து ஒட்ட வேண்டாம். புதுச் சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டி மீனையும் தலைப்பிரட்டையையும் கொல்லும். அழகுக்காகக் கல்மரத் துண்டு (கல்லாக மாறிவிட்ட தொல்மரம்) கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திருவக்கரையில் இருப்பது அரசு பாதுகாக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது, விற்பவரிடம் வாங்கவும் கூடாது.

செடிகளை அழகு பார்த்து நடுவதைவிட, ஆழம் பார்த்து நடுவது சரியாக வரும். தண்ணீர் விளிம்பில் நீர்ப்பிரம்மியை வையுங்கள். உவர்ப்பையும் தாங்கும் செடி, கடலூருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். தண்ணீருக்குள் நாலு அங்குலம் இறங்கியும் வளரும், கரையேறியும் படரும். விரிப்பை மறைக்க அதற்கு இணை இல்லை. அதனோடு வல்லாரை, பொன்னாங்கண்ணி. மட்டம் ஏறி இறங்கும் நடுச்சரிவுக்கு ஆரைக்கீரை. தண்ணீர் இருந்தால் நாலிதழ் இலை மிதக்கும், வற்றினால் சேற்றில் நிமிர்ந்து நிற்கும், முற்றிலும் காய்ந்தாலும் அதன் வித்துறைகள் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். கோரையை ஆறு அங்குல ஆழத்தில் இரண்டு மூன்று திட்டுகளாக நடலாம். சம்பு பார்ப்பதற்குக் கம்பீரமானது. ஆனால் அதன் வேர்த்தண்டின் கூர்நுனி விரிப்பைக் குத்திவிடும், சில ஆண்டில் குளத்தையே அடைத்துவிடும். வேண்டும் என்றால் தொட்டிக்குள் வைத்து இறக்குங்கள். ஆழத்தில் அல்லியும் கொட்டியும். தாமரைக்கு உங்கள் குளம் சிறியது. கரைமேல் கரிசலாங்கண்ணி, பொடுதலை. ஓரத்தில் ஒரு புதர் வெட்டிவேர்.

கன்றுகளை வயல் வாய்க்காலிலிருந்தோ தெரிந்தவர் வீட்டிலிருந்தோ கொண்டுவரலாம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே கை வைக்காதீர்கள். எங்கிருந்து எடுத்தாலும் வேரை மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். வெங்காயத் தாமரையின் ஒரு துண்டு ஒட்டி வந்தாலும் போதும், ஒரே பருவத்தில் குளத்தை மூடிவிடும். நெய்வேலி காட்டாமணக்கையும் கரையில் ஊன்றிவிடாதீர்கள். ஊதாப் பூ அழகாகத்தான் இருக்கும். பெயரில் நெய்வேலி இருந்தாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி அது. நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சரிவில் மூன்றில் ஒரு பங்கை வெறும் சேறாகவே விட்டுவிடுங்கள். பலருக்கு இதற்குத்தான் மனம் வருவதில்லை, காலி இடமாகத் தெரிகிறது. காலை ஒன்பது மணி வெயிலில் அந்த ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்பை உறிஞ்சும். வேட்டுவக் குளவி கூடு கட்ட மண் உருட்டிக்கொண்டு போகும். சிட்டுக்கு ஆழம் தெரிந்து இறங்கிக் குளிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு உயிர்களுக்காக ஓரத்தில் இரண்டு சின்ன ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். தட்டான் புழு தண்ணீருக்கடியில்தான் வளர்கிறது. பறக்கும் காலம் வந்ததும், பெரும்பாலும் இரவில், நிமிர்ந்த ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, முதுகைப் பிளந்து தட்டானாக வெளியே வருகிறது. விடிந்தபின் கோரையைத் தேடிப் பாருங்கள். தண்ணீருக்குச் சாண் உயரத்தில், ஆறு கால்களாலும் தண்டை இறுகப் பற்றியபடி, மண் நிறத்தில் ஒரு வெறும் கூடு இருக்கும். முதுகில் நீளமான பிளவு. அதற்குள்ளிருந்து வெள்ளை நூல் சில நீட்டிக்கொண்டிருக்கும். அவை அதன் மூச்சுக்குழல்களின் உட்தோல், சட்டையோடு சேர்த்து உரித்துப்போட்டவை. நிமிர்ந்த தண்டு இல்லாத குளத்தில் இது எளிதில் நடக்காது. அதனால் கோரையை ஒரேயடியாக அறுக்காதீர்கள். தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கழியுங்கள்.

மற்றொன்று மரத்தவளை. மழை இரவுக்கு மறுநாள் காலை, தண்ணீருக்கு மேல் சாய்ந்த இலையிலோ கிளையிலோ கைப்பிடி அளவு வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். பெண் தவளை தான் சுரந்த நீரைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிட்டிருக்கிறது. வெளிப்புறம் காய்ந்து ஏடாகிவிடும், உள்ளே ஈரம் காயாது. சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவி நேர்கீழே விழும். கீழே தண்ணீர் இருந்தால் பிழைத்தன. கருங்கல் இருந்தால் போயின. ஆகவே ஆழமான பக்கத்தில், கல் இல்லாத ஓர் இடத்தில், நீர்மேல் சாயும்படி ஒரு புதரை வளருங்கள்.

கொசு பற்றிப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்கும் ஓரமே பதில் சொல்ல வேண்டும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். மீனும் தட்டான் புழுவும் எட்டும் தண்ணீரில் கொசுப்புழு தப்புவது கடினம். ஆபத்து எங்கே என்றால், மட்டம் இறங்கும்போது ஓரத்தில் தனித்து நின்றுவிடும் சின்னக் குட்டைகளில்: கல்லின் குழியில், கால் பதிந்த பள்ளத்தில், நிமிர்ந்து கிடக்கும் தேங்காய் மட்டையில், தொட்டியின் விளிம்பில். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவதும் இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தேக்கங்களைத்தான். மட்டையைக் குடைவு கீழ்நோக்கிப் பதிக்கச் சொன்னது அதற்காகவே. சரிவு முழுவதும் பள்ளமில்லாமல், இறங்கும் தண்ணீர் குளத்துக்கே வடிந்துபோகும்படி இருக்கட்டும். மீனுக்கு, தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்மட்டத்தில் நீந்தும் முண்டக்கண்ணியை விடுங்கள். கம்பூசியாவும் கப்பியும் வெளிநாட்டு மீன்கள்; மழையில் வழிந்து வாய்க்காலுக்குப் போய்விட்டால் திருப்பி எடுக்க வழியில்லை. கம்பூசியா தலைப்பிரட்டையையும் கடித்துத் தின்னும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது; தவளைக்கும் மீனுக்கும் தீங்கு செய்யாமல் கொசுப்புழுவைக் கொல்லும். அதன் உள்நாட்டு வகையொன்றை உருவாக்கியது புதுச்சேரியிலேயே 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்தான்.

பாம்பு வரலாம், வராது என்று நான் சொல்லமாட்டேன். தவளை இருக்கும் இடத்துக்குத் தண்ணீர்ப்பாம்பு வரும். அதற்கு விஷம் கிடையாது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் தங்கும்படி விடுவது கற்களுக்கு இடையே இருக்கும் பொந்துகள். கல் வைத்த இடத்தில் சந்துகளை மண்ணால் கெட்டித்துவிடுங்கள், வீட்டுப் பக்கம் புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள், இருட்டில் விளக்கில்லாமல் போகாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இது எல்லாவற்றையும்விட வேலி முக்கியம். சரிவான ஓரம் செங்குத்து ஓரத்தைவிடப் பாதுகாப்பானது என்றாலும், குழந்தைக்கு அரையடித் தண்ணீரும் ஆபத்து. தாழ்ப்பாள் போட்ட கம்பிவலை வேலிக்கு மாற்று இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு கலங்கல், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோட ஒரு வாய், வேண்டும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. உங்கள் குளத்தின் பரப்பில் நேராக விழும் அவ்வளவு மழை மட்டுமே 5,000 லிட்டரைத் தாண்டும். வழி வைக்காவிட்டால் அது தானே வழி தேடிக்கொள்ளும், புது மண்சரிவை அறுத்துக்கொண்டு போகும். சரிவு இல்லாத பக்கத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஓரத்தை இரண்டு அங்குலம் தாழ்த்தி, கூழாங்கல் பரப்பி, வாழைப் பாத்திக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். வாயில் கொசுவலைக் கம்பி வைத்தால் மீன் போகாது. தோட்டத்து வெள்ளம் உள்ளே வராதபடி மற்ற ஓரங்கள் தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரமாக இருக்கட்டும். மஞ்சக்குப்பம் கெடிலம் ஆற்றுக்கு அருகில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்தால், காலியாக இருக்கும் குளத்தின் விரிப்பை அடியிலிருந்து தூக்கி மிதக்கவைத்துவிடும். ஐப்பசி முதல் மார்கழிவரை குளத்தை இறைக்காதீர்கள்.

மண்வேலையை ஆடி, ஆவணியில் முடித்து, புரட்டாசிக்குள் செடிகளை நட்டுவிட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். முதல் ஆண்டு தண்ணீர் பச்சையாவது இயல்பு. செடிகள் சத்தை இழுத்ததும் தெளியும். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு சோதனை செய்துபாருங்கள். பிளாஸ்டிக் வாளி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஆழம் குறைந்த இடத்தில் குளத்துக்குள்ளேயே பாதி முங்க வைத்து, வாளியின் மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வெயில் குடித்தது. குளம் கூடுதலாக இறங்கியிருந்தால், விரிப்பில் ஓட்டை தேடும் முன் கரையின் வெளிப்பக்கத்தைக் காலையில் சுற்றிவந்து, எந்த இடத்தில் மண் நனைந்திருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். மழையில் சரிந்த மண் விரிப்பின் நுனியைத் தாண்டிப் போன இடமாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். அங்கே மண்ணை வழித்தெடுத்து நுனியை மறுபடி நிமிர்த்தி வைத்தால் கசிவு நின்றுவிடும்.